இடுக்கில் நுழையும்போது நியூக்ளியஸிலிருந்து பச்சை கசிகிறது: செல் செத்ததா, இல்லையா?

இரவுஷிஃப்ட்_மாணவி:
மூன்று வாரமாக ஒரே மாதிரி வீடியோக்களைப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. ஹெச்டி-1080 புற்றுநோய்ச் செல்கள். அவை ஊர்ந்து போக, சிலிக்கோன் ரப்பரில் வார்த்த கால்வாய். உயரம் 5 மைக்ரான், இடுக்குகளின் அகலம் வெறும் 2 மைக்ரான். நியூக்ளியஸுக்குள் (செல்லின் உட்கருவுக்குள்) மட்டும் தங்குகிற பச்சை ஒளிர் புரதம் போட்டிருக்கிறேன்.

செல்லின் முன்பகுதி சுலபமாக நுழைந்துவிடுகிறது. நியூக்ளியஸ்தான் வாயில் மாட்டிக்கொள்கிறது, சின்ன வாசலில் சிக்கின மூட்டை மாதிரி. அப்படியே கிடந்து நீள்கிறது. முனையில் ஒரு கொப்புளம் புடைக்கிறது. அடுத்த ஃப்ரேமில் பச்சை செல் முழுக்கப் பரவிவிடுகிறது. 'செத்தது' என்று எழுதிவிட்டு அடுத்த செல்லுக்குப் போய்விடுவேன்.

நேற்று சோம்பலில் வீடியோவை நிறுத்தாமல் ஓடவிட்டேன். செத்த செல் இடுக்கைத் தாண்டி, பச்சையையெல்லாம் மறுபடி நியூக்ளியஸுக்குள் வாரிக்கொண்டு, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது! இப்படி நான் சாகடித்தவை எத்தனையோ தெரியவில்லை. என் வழிகாட்டி "லேசர் வெளிச்சத்தில் அடிபட்டிருக்கும்" என்கிறார். நிஜமாகவே நடப்பதா, என் மைக்ரோஸ்கோப் செய்த வேலையா?

பழைய_லென்ஸ்:
நிஜம்தான். நியூக்ளியஸின் உறை கிழிந்து, பிறகு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2016-ல் சயன்ஸ் இதழில் இரண்டு குழுக்கள் இதையே காட்டின: ஒன்று கார்னெலில் யான் லாமர்டிங்குடையது, இன்னொன்று பாரிஸில் மாத்தியூ பியேலுடையது.

உறைக்கு அடியில் லேமின் என்ற புரத வலை இருக்கிறது. நெருக்கும்போது வலை சில இடங்களில் விலகும், உள்ளே அழுத்தம் ஏறும். வலையில்லாத இடத்தில் சவ்வு மட்டும் புடைத்துக்கொண்டு வரும். நீங்கள் பார்த்த கொப்புளம் அதுதான். அது வெடித்தால் பச்சை வெளியே ஓடும்.

ஒட்டுப்போடுவது எஸ்கார்ட்-3 என்ற புரதக் கூட்டம். செல் இரண்டாகப் பிரியும்போது கடைசி இணைப்பை அறுப்பதும் இதுதான். எச்ஐவி வைரஸ் செல்லை விட்டு வெளியேறக் கடன் வாங்குவதும் இதையேதான். (வைரஸுக்கு எப்படித்தான் தெரிகிறதோ!) ஓட்டை அடைபட்ட பிறகும் பச்சை உடனே திரும்பாது. சிந்திய புரதத்தை நியூக்ளியஸ் தன் துளைகள் வழியாக இழுத்துக்கொள்ள நேரம் பிடிக்கும்.

உங்கள் வழிகாட்டியின் சந்தேகமும் நியாயமானதுதான். அதே சிப்பில் 15 மைக்ரான் அகலக் கால்வாய் இருந்தால் அங்கே போகிற செல்களுக்கும் அதே வெளிச்சம், அதே நேரம் கொடுங்கள். வெளிச்சம்தான் காரணம் என்றால் அங்கேயும் கிழிய வேண்டும்.

கோமெட்_வால்:
பிழைத்தது சரி, முழுசாகப் பிழைத்ததா என்று பாருங்கள். நல்ல புரதம் வெளியே ஓடுகிறது. டிஎன்ஏவைச் சரிபார்க்கும் புரதங்களும் அதில் அடக்கம். வெளியே இருக்க வேண்டியவை உள்ளே வருகின்றன. சிகாஸ் என்று ஒன்று உண்டு, சைட்டோபிளாசத்தில் அந்நிய டிஎன்ஏ தென்படுகிறதா என்று காவல் காப்பது. கிழிசல் வழியாக அது சொந்த டிஎன்ஏ மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். டிஎன்ஏவை அரிக்கும் ட்ரெக்ஸ்1 நொதியும் அப்படி நுழைந்து சேதப்படுத்தும்.

53பிபி1 என்ற புரதம் டிஎன்ஏ உடைந்த இடங்களில் கூடும்; அதற்குச் சாயம் போட்டுப் புள்ளிகளை எண்ணுங்கள். ஒரு எச்சரிக்கை: உறை கிழியாமலே, வெறும் நெரிசலிலேயே டிஎன்ஏ உடைவதுண்டு. எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் அப்படித்தான். உங்கள் ஹெச்டி-1080இல் கிழிசலோடு சேர்ந்தே பெரும்பாலும் வரும். பச்சை கசியவில்லை என்பதால் சேதமில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

வெள்ளணு_ரசிகன்:
நான் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவைப் பார்க்கிறவன், அதனால் ஒரு ஓர வார்த்தை. அதன் நியூக்ளியஸ் பல மடல்களாக இருக்கும், லேமின் ஏ மிகக் குறைவு. உங்கள் செல் திணறுகிற இடுக்கில் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். என்ன, ஆயுசு குறைவு.

அப்புறம், நியூக்ளியஸை வெறும் மூட்டை என்று ஒதுக்கிவிட வேண்டாம். செல்லுக்கு அது அளவுகோலும்கூட. 2020-ல் வந்த இரண்டு ஆய்வுகளின்படி, நெருக்கினால் உறையின் மடிப்புகள் விரிகின்றன. சிபிஎல்ஏ2 என்ற நொதி அதை உணர்ந்து, செல்லைச் சுருங்கவைக்கும் மயோசின் புரதத்தை முடுக்கிவிடுகிறது. செல் சுருங்கி, தப்பிக்கப் பார்க்கிறது. மாட்டிக்கிடந்த நேரத்தில் செல்லின் பின்பகுதி இறுகுகிறதா என்று வீடியோவில் பாருங்கள்.

இரவுஷிஃப்ட்_மாணவி:
அகலக் கால்வாய் அதே சிப்பிலேயே இருந்தது, நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை. இரவு முழுக்க அதே வெளிச்சத்தில் ஓட்டினேன். 15 மைக்ரானில் ஒன்றுகூடக் கசியவில்லை. பக்கத்து இடுக்கில் வழக்கம்போல. வழிகாட்டியிடம் காட்டினேன், "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பின்பகுதி இறுகுவது சில செல்களில் தெரிகிறது, சிலவற்றில் நானே கற்பனை செய்கிறேனோ என்று இருக்கிறது. 10 நிமிடத்துக்கு ஒரு ஃப்ரேம் எடுத்தது தப்பு. 2 நிமிடமாக மாற்றியிருக்கிறேன். 53பிபி1 அடுத்த வாரம். அதுவரை 'செத்தது' பட்டியலை முதலிலிருந்து திருத்திக்கொண்டிருப்பேன்.