கலைச்சொல்: டாங்கியின் ‘டிராக்’ – ‘கண்ணிப்பட்டை’ எனலாமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

ரேடியோவில் ஓடும் மாதிரி டாங்கிகளைப் பற்றி, புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்காக இங்கே கிருஷ்ணகிரியில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். வண்டி வாங்குவதில் தொடங்கி, ஓட்டுவது, கழற்றி மாட்டுவது வரை எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்பது ஆசை. ‘டாங்கி’யை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை இந்த வண்டியைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி மறைத்துவைத்ததில் வந்த பெயர் அது. ஈழத்து இதழ்களில் டாங்கி என்றே வேரூன்றிவிட்டது, இங்கும் படித்தவுடன் புரிகிறது. சிக்கல் ‘டிராக்’கில்தான், அதாவது டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி வளையமாக ஓடும் உறுப்பில். கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அது வருகிறது. அது அமைந்தால் மற்ற உறுப்புகளின் பெயர்கள் தாமாக அமைந்துவிடும். என் பரிந்துரை ‘கண்ணிப்பட்டை’. வந்த மறுமொழிகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

> ‘தொடர்தடம்’ என்றால் என்ன குறை? டிராக் என்பதற்குத் தடம் நேர்ச்சொல் ஆயிற்றே.

ஐயா, தடம் என்பது வண்டி போனபின் மண்ணில் கிடப்பது. இந்தப் பொழுதுபோக்கில் அந்தப் பொருளுக்கும் சொல் தேவைப்படுகிறது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் மழை விட்ட மறுநாள் வண்டியை ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு கண்ணியின் வரிப்பள்ளமும் அப்படியே பதியும். இடப்பக்கத்துப் பதிவு ஆழமாகவும் வலப்பக்கத்தது மேலோட்டமாகவும் இருந்தால், எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். பெரும்பாலும் பேட்டரி நகர்ந்திருக்கும். “தடத்தைப் பார்த்துப் பட்டையைச் சரிசெய்” என்று எழுத இடம் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அந்த வாக்கியமே எழுத முடியாது.

> ‘கம்பளிப்பூச்சிச் சக்கரம்’ என்று பள்ளி நூல்களின் பாணியில் சொல்லலாமே.

இதில் எனக்கு உடன்பாடில்லை. கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் 1904-இல் நீராவி டிராக்டருக்குச் சக்கரத்தை நீக்கிப் பட்டை பூட்டி ஓட்டிப் பார்த்தார். அது ஊர்ந்துபோன விதத்தைப் பார்த்து வைத்த ‘கேட்டர்பில்லர்’ (கம்பளிப்பூச்சி) என்ற பெயர், பின்னாளில் நிறுவனத்தின் வணிகப் பெயராகவே ஆகிவிட்டது. ஒரு கம்பெனியின் பெயரைப் பெயர்த்து எழுதி அதைக் கலைச்சொல் என்று பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டியதில்லை. மேலும் அது சக்கரமே அல்ல. சக்கரங்கள் அதன்மேல் ஓடுகின்றன.

> எங்கள் ஓசூர்ப் பக்கம் ஆபரேட்டர்கள் எல்லாரும் ‘செயின்’ என்றுதான் சொல்கிறார்கள். மக்கள் வாயில் இருப்பதை விட்டுவிட்டு எதற்குப் புதுச்சொல்?

இந்தக் கேள்விதான் முக்கியமானது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் இந்த உறுப்பைப் பார்க்காதவர்கள் இல்லை. கிரானைட் குவாரியில் ஹிட்டாச்சி ஓட்டுபவர் ‘செயின் வண்டி’ என்கிறார், ஜேசிபி ‘டயர் வண்டி’. காவேரிப்பட்டினம் பக்கம் நெல் அறுக்க வண்டி பிடிக்கிறவர் ‘பெல்ட் வண்டியா, டயர் வண்டியா’ என்று கேட்கிறார். வயலில் ஈரம் இருந்தால் பெல்ட் வண்டிதான் இறங்கும். ஆக நம் ஊர்க்காரர்கள் இதை ஏற்கெனவே வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். இரும்புக் கண்ணி கோத்தது செயின். ரப்பரில் ஒரே வளையமாக வார்த்தது பெல்ட்.

மாதிரி டாங்கியிலும் இதே இரண்டு வகை உண்டு. விலை குறைந்த சின்னப் பொம்மைகளில் ஒரே வளையமாக ரப்பர். 1/16 அளவு (அசலில் பதினாறில் ஒரு பங்கு) வண்டிகளில் தனித்தனிக் கண்ணி, நடுவே ஆணி. பெல்ட்டுக்குப் பட்டை, செயினுக்குக் கண்ணி என்று எடுத்தால் இரண்டும் ஒரு குடும்பமாகிவிடுகின்றன: பொதுப்பெயர் ‘பட்டை’, வகைப்பெயர் ‘ரப்பர்ப் பட்டை’, ‘கண்ணிப்பட்டை’. மக்கள் வாயில் இருக்கும் பிரிவினையை அப்படியே தமிழில் எழுதுகிறோம், அவ்வளவுதான். ‘சங்கிலி’ என்று மட்டும் வைத்தால் டாங்கியின் பின்புறம் தொங்கும் இழுவைச் சங்கிலியோடு குழம்பும். ரப்பர் வகைக்கு ஒட்டவும் ஒட்டாது. கையேட்டில் முதல்முறை வரும் இடத்தில் ‘ஆபரேட்டர்கள் செயின் என்பது’ என்று ஒரு வரி போட்டுவிடலாம்.

> கண்ணி என்றால் கண்ணிவெடி நினைவுக்கு வரும். டாங்கி பற்றிய நூலில் அது பெரிய குழப்பம் அல்லவா?

நியாயமான ஐயம், அம்மா. ஆனால் கண்ணிவெடியின் கண்ணி, வேடன் வைக்கும் சுருக்கு. சங்கிலிக் கண்ணி அதிலிருந்து வேறானது. நகைக்கடையில் “ரெண்டு கண்ணி எடுத்துவிடுங்க” என்றால் யாருக்கும் வெடி நினைவு வருவதில்லை. கூட்டுச்சொல்லில் ‘பட்டை’ பக்கத்திலேயே நிற்பதால் பொருள் விலகாது.

நடைமுறையில் ஒரு சொல் நிற்க வேண்டுமானால் களத்தில் கத்திச் சொல்ல வர வேண்டும். “பட்டை கழண்டிருச்சு, நிறுத்து!” என்பது வருகிறது. எங்கள் ஊரில் அப்படிக் கத்த வேண்டிய தேவை அதிகம். குவாரிப் பக்கத்து மண்ணில் உளுந்தளவு கல்சில்லு எங்கும் கிடக்கும். ஒன்று போய்க் கண்ணிக்கும் இயக்குசக்கரத்துக்கும் (மோட்டார் விசையால் பட்டையை ஓட்டும் சக்கரம்) நடுவில் விழுந்தால் பட்டை மேலே ஏறும், கடக்கென்று ஒரு சத்தம், வண்டி அந்தப் பக்கமே சுற்றத் தொடங்கும். அந்த நொடியில் ரிமோட்டிலிருந்து கையை எடுக்காவிட்டால் கியர்பெட்டியின் பல் போகும்.

மேலே ‘இயக்குசக்கரம்’ என்று எழுதியிருக்கிறேன். முன்பு ஒருவர் ‘பல்சக்கரம்’ என்று பரிந்துரைத்தார். இரண்டாம் உலகப் போர் டாங்கிகளில் ஜெர்மனியின் டைகர், அமெரிக்காவின் ஷெர்மன் போன்றவற்றுக்கு அது பொருந்தும். பல் வைத்த சக்கரம் வண்டியின் முன்பக்கம் இருந்து கண்ணிகளை இழுக்கும். ஆனால் சோவியத்தின் டி-34-ஐ எடுங்கள். அதில் இயக்குசக்கரம் பின்பக்கம். அதற்குப் பல்லே கிடையாது. பட்டைக்கு ஒரு பக்கம் 72 கண்ணி, அதில் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு உட்புறம் ஒரு கொம்பு. சக்கரத்தின் உள்ளே இருக்கும் உருளைகள் அந்தக் கொம்பைத் தள்ளித்தான் பட்டையை ஓட்டுகின்றன. ஆணிகளுக்குப் பூட்டும் இல்லை. உட்பக்கமாக நகர்ந்து வரும் ஆணித்தலையை, வண்டியுடலில் பற்றவைத்த ஒரு சாய்தகடு தட்டி உள்ளே தள்ளிவிடும். அந்த எளிமையை நினைத்தால் இன்றும் வியப்புதான். பிள்ளைகள் முதலில் ஆசைப்படும் வண்டிகளில் டி-34-உம் ஒன்று. ‘பல்சக்கரத்தைச் சுத்தம் செய்’ என்று எழுதினால் அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். செய்யும் வேலையைச் சொல்லும் பெயரே இங்கே பாதுகாப்பானது.

மறுமுனையில் விசை இல்லாமல் சுற்றும் சக்கரத்துக்கு ‘இறுக்குசக்கரம்’ என்று வைத்திருக்கிறேன். அதை முன்பின் நகர்த்தித்தான் பட்டையை இறுக்குகிறோம். ஹிட்டாச்சியில் அந்த வேலையைக் கிரீஸ் செய்கிறது. சிலிண்டருக்குள் கிரீஸ் ஏற்றினால் சக்கரம் முன்னே தள்ளப்பட்டுச் செயின் விறைக்கும். மாதிரி வண்டிகள் பலவற்றில் ஒரு திருகு போதும். மேற்பட்டை சற்றே தொய்ந்து கிடக்க வேண்டும். வில்நாண் மாதிரி விறைத்தால் மோட்டார் சூடேறும், தொங்கினால் கழலும்.

நடுவில் எடை தாங்கும் சக்கரங்களுக்குத் ‘தாங்குசக்கரம்’. இதில் விவாதம் எழவில்லை.

வாங்கும் பகுதியைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: முதல் வண்டிக்கு 1/16 அளவில், பிரித்து மாட்டத் தேவையில்லாமல் வரும் ஹெங் லாங் (சீன நிறுவனம்) வகை போதும். டமியா (ஜப்பானிய நிறுவனம்) பெட்டிகள் நாமே கோப்பவை, விலை வெகு அதிகம். இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம். 1/16 டைகர் பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறக்குறைய 53 செ.மீ. நீளம், மடியில் வைத்து வேலை செய்யத் தோதான அளவு. அசல் டைகரின் போர்ப் பட்டை 725 மி.மீ. அகலம், அதனால் மாதிரியில் 45 மி.மீ. வரும். ரயிலில் ஏற்றுவதற்கென்று 520 மி.மீ. குறும்பட்டையை மாட்டுவார்கள், சில மாதிரிக்காரர்கள் அதையும் செய்து வைத்திருக்கிறார்கள். கடையில் உலோகக் கண்ணிப்பட்டையைக் காட்டினால் மயங்க வேண்டாம். பிளாஸ்டிக் கியர்பெட்டி அந்த எடையைத் தாங்காது. முதலில் உலோகக் கியர்பெட்டி, பிறகு உலோகப் பட்டை, வரிசை மாறக்கூடாது. லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுகிறோம்.

திருப்பம் பற்றிய சொற்கள் இன்னும் முடிவாகவில்லை. மாதிரி வண்டியில் பட்டைக்கு ஒரு மோட்டார். ஒரு பட்டையை நிறுத்தி மற்றதை ஓட்டினால் வண்டி நிறுத்திய பட்டையை ஊன்றித் திரும்பும். இதற்கு ‘ஊன்றித் திருப்பம்’. ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் ஓட்டினால் நின்ற இடத்திலேயே சுழலும். இதற்கு ‘நின்ற சுழற்சி’. வேறுபாடு பெயரளவில் மட்டும் இல்லை. அசல் டைகரால் நின்ற சுழற்சி முடியும். ஷெர்மனாலும் டி-34-ஆலும் முடியாது. மாதிரி மின்சுற்றோ எல்லா வண்டியையும் சுழலவைத்துவிடும். அசலை மதித்து ஓட்ட விரும்புகிறவர் ஷெர்மனை அப்படிச் சுற்றமாட்டார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு தனிச்சொற்கள் வேண்டும்.

‘வானொலிக் கட்டுப்பாட்டு டாங்கி’ என்று முன்மொழிந்தவர் பொறுத்தருள வேண்டும். வானொலி என்றால் நம் வீடுகளில் செய்தியும் பாட்டும் வரும் பெட்டி. ‘அலைவழி டாங்கி’ என்று பார்க்கிறேன், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஆணை போவதையும் அது சரியாகச் சொல்கிறது. ‘ரேடியோ டாங்கி’ என்றே விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

‘கண்ணிப்பட்டை’, ‘இயக்குசக்கரம்’, ‘இறுக்குசக்கரம்’ மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். உறுப்புப் படத்தில் பெயர் எழுத வேண்டியிருக்கிறது. ‘ஊன்றித் திருப்பம்’ காதுக்குச் சற்று முரடாகப் படுகிறது. அதற்கு மட்டும் இன்னும் நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரி உறுப்பினர்