சேலத்தில் வாஷிங் மெஷின் பேரிங் மாற்றுபவர் யார்?

அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். 2019இல் வாங்கிய 7 கிலோ வாஷிங் மெஷின், முன்பக்கக் கதவு வகை. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு, துவைக்கும்போது லேசான உறுமல். பிழியும்போது மாவு மில் ஓடுவதுபோல் இரைகிறது. கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிடுகிறார்.

மட்டம் பார்த்தாயிற்று. வடிகட்டியைக் கழுவியதில் ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது, அவ்வளவுதான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றினாலும் கரகரக்கிறது. விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் ஆடுகிறது. பின்புறம் துருநீர் வழிந்த தடம். எனவே மோட்டார்மீது பழி இல்லை. சீல் தேய்ந்து பேரிங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

சர்வீஸ் சென்டரிலோ, டிரம்மைச் சுற்றியுள்ள தொட்டியான டப் பிரிக்க முடியாதபடி ஒட்டியே வருவதால் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அந்தத் தொகையைக் கேட்டால் துணியைக் கல்லில் அடித்தே துவைக்கலாம் என்று தோன்றுகிறது.

ஒட்டிய டப்பை அறுத்து, பேரிங்கும் சீலும் மாற்றி, கசியாமல் திரும்பப் பூட்டித் தரும் மெக்கானிக் சேலத்தில் யாராவது இருக்கிறார்களா?