நாஸில் இமேஜ் பத்திரமாக இருக்கிறது, புதுக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியவில்லை

கிராணி மகள் (சுங்கை சிப்புட்)

வணக்கம். சுங்கை சிப்புட் டவுனில் சின்னதாக ஒரு போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விழுந்த இடியில் கடைக் கம்ப்யூட்டர் போய்விட்டது. வானம் கறுத்தாலே பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். அன்றைக்கு ஓர் அம்மாவுக்கு இபிஎஃப் (சேமநிதி) பாரம் அச்சடித்துக்கொண்டு இருந்தேன், அதற்குள் அடித்துவிட்டது. மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் இரண்டுமே எரிந்துவிட்டதாம். பின்னறையில் யூபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த நாஸுக்கு, அதாவது நெட்வொர்க்கில் இணைத்து வைத்த ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த நாஸ் என் அக்கா மகன் வைத்துக் கொடுத்தது. விண்டோஸிலேயே இருக்கும் பழைய 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' வழியாக ஞாயிறுதோறும் இரவில் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே நகலாக, அதாவது இமேஜாக எடுத்து நாஸில் போட்டுவிடும். பையன் இப்போது கப்பலில் வேலை செய்கிறான், போன் கிடைப்பதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் என் அவசரம் புரியும். அப்பா ரப்பர் தோட்டத்தில் 29 வருடம் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை உடைத்துச் செம்பனை போட்டபோது, ஆபீசில் எரிப்பதற்காகக் குவித்திருந்த செக்ரோல் புத்தகங்களில் ஆறை வீட்டுக்குத் தூக்கி வந்தார். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, வந்தவர்களுக்குக் கோடு போட்ட புத்தகங்கள். யார் எத்தனை நாள் பால்மரம் வெட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று எல்லாம் அப்பா கையெழுத்தில். இரண்டு வருடமாகக் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தேன். போன வருடம் அலமாரியைத் திறந்தால் நாலு புத்தகம் கரையானுக்குப் போயிருந்தது. அந்த நாலும் இப்போது நாஸில் இருக்கிற இமேஜுக்குள் மட்டும்தான். கூடவே ஊர் ஆட்கள் கொண்டுவந்து கொடுத்த படங்கள்: ஆயாக் கொட்டகையில் தூளிகள் வரிசையாகத் தொங்குகிற படம், தீமிதி, 1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டுகள்.

ஈப்போவில் 1,150 வெள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். விண்டோஸ் 11, 512 ஜிபி எஸ்எஸ்டி. பழையது விண்டோஸ் 10, 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸைப் பழுதுபார்க்கும் ரெக்கவரி யூஎஸ்பி போட்டு, சிஸ்டம் இமேஜ் ரெக்கவரிக்குப் போய், நெட்வொர்க்கில் தேடச் சொல்லி நாஸின் முகவரியைக் கொடுத்தால் வழியே இல்லை என்கிறது. பிழை எண் 80070035. அதே கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குள் போனால் வைஃபையில் நாஸ் அழகாகத் திறக்கிறது. மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

கிள்ளான் கேபிள்

அக்கா, முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். நாஸ் உயிரோடு இருக்கிறது என்றால் படங்களும் இருக்கின்றன.

ரெக்கவரி யூஎஸ்பியில் ஓடுவது முழு விண்டோஸ் இல்லை. அது வைஃபையைத் தொடாது, கேபிள் குத்தியே ஆகவேண்டும். குத்தினாலும் உங்கள் புது போர்டில் இருப்பது 2.5 ஜி நெட்வொர்க் சிப் என்றால் பழைய யூஎஸ்பிக்குள் அதற்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இருக்காது. போர்டு செய்த கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி, ஜிப்பைப் பிரித்து இன்னொரு யூஎஸ்பியில் போடுங்கள். ரெக்கவரி திரையில் டிரைவர் ஏற்றும் பட்டன் உண்டு, அதில் ஐஎன்எஃப் கோப்பைக் காட்டினால் போதும். பிறகு கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் அடித்துப் பாருங்கள். 192.168 என்று தொடங்கும் எண் வந்தால் கேபிள் பேசுகிறது.

நாஸைப் பேரால் கூப்பிடாமல் அதன் ஐபி எண்ணால் கூப்பிடுங்கள். யூசர் பேர் கேட்கும்போது வெறும் பேரைக் கொடுக்காமல் நாஸின் பேர், ஒரு பின்சாய்வுக் கோடு, அதன் பிறகு யூசர் பேர் என்று கொடுங்கள். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பத்துகாஜா பழுது

கிள்ளான் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அக்கா, அந்த வழியில் இன்னும் இரண்டு நாள் கஷ்டப்பட்டு நெட்வொர்க்கைச் சரிசெய்தாலும் அடுத்த கதவில் முட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் பழைய டிஸ்க் 1 டிபி, புதியது 512 ஜிபி. இந்த இமேஜ் தான் கிளம்பி வந்த டிஸ்க்கைவிடச் சின்ன டிஸ்க்கில் இறங்காது. உள்ளே பாதிக்கு மேல் காலியாக இருந்தாலும் இதே கதைதான். அதோடு பழைய கம்ப்யூட்டர், ஆன் செய்ததும் அதை எழுப்பும் பழைய பயாஸ் முறையில் விண்டோஸ் ஏற்றியதாக இருந்தால், அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் எழும்பும் புதுக் கம்ப்யூட்டரில் ஃபர்ம்வேர் வேறு என்று சொல்லி மறுத்துவிடும். செத்துப்போன கம்ப்யூட்டரை எழுப்புவதா உங்கள் தேவை? செக்ரோல் பக்கங்கள்தானே வேண்டும். அவற்றைத் தனியாக எடுக்கலாம்.

நாஸில் 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பழைய கம்ப்யூட்டரின் பேரில் ஒன்று, அதற்குள் தேதி போட்ட ஒன்று இருக்கும். அங்கே விஎச்டிஎக்ஸ் என்று முடியும் கோப்புகளில் மிகப் பெரியதுதான் உங்கள் சி டிரைவ். விண்டோஸ் 11 அதை ஒரு சாதா டிஸ்க் மாதிரியே திறக்கும். நாஸில் இருக்கும்போதே திறக்கப் பார்க்காதீர்கள், பல பெட்டிகளில் அது தகராறு செய்யும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்து அதில் காபி எடுங்கள். மூலத்தைத் தொடவே வேண்டாம். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட், ஆக்‌ஷன், அட்டாச் விஎச்டி. படிக்க மட்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொள்ளுங்கள்.

ரொம்ப முக்கியமான ஒன்று. புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய பேரையே வைத்து அதே நாஸ் ஃபோல்டருக்கு பேக்கப் ஓட விட்டுவிடாதீர்கள். நெட்வொர்க்கில் இந்த முறை ஒரே ஒரு இமேஜைத்தான் வைத்திருக்கும். புதியது வந்து பழையதன் மேல் உட்கார்ந்துவிடும். இப்படி ஒருவர் தன் கல்யாணப் படங்களை இழந்ததை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

கிராணி மகள் (சுங்கை சிப்புட்)

தம்பி, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய பேரைத்தான் வைத்திருந்தேன். உடனே மாற்றிவிட்டேன். பேக்கப் இன்னும் ஓட விடவில்லை, நல்ல காலம்.

பெரிய கோப்பு 412 ஜிபி. காபி போட்டால் விநாடிக்கு 11 எம்பிதான் ஓடுகிறது, பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறது. டிஸ்க் கெட்டுப்போகிறதா?

கிள்ளான் கேபிள்

இல்லை அக்கா. 11 எம்பி என்றால் நடுவில் 100 மெகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கிறது, இல்லாவிட்டால் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கிறது. எட்டுக் கம்பியும் நல்லபடி இருந்து ஜிகாபிட்டில் ஓடினால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். பரவாயில்லை, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். தூங்கும் நேரத்தில் கம்ப்யூட்டரும் தூங்கிவிடாதபடி பவர் செட்டிங்கில் மாற்றிவிட்டுப் படுங்கள்.

கிராணி மகள் (சுங்கை சிப்புட்)

காபி முடிந்தது. அட்டாச் செய்தேன், ஜி டிரைவ் என்று வந்தது. யூசர்ஸ் வரைக்கும் போகிறது, என் பேருள்ள ஃபோல்டரைத் தொட்டால் அனுமதி இல்லை என்கிறது. தொடரவா என்று கேட்கிறது, சரி என்று அழுத்தினாலும் அதே சொல். இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறேன்.

பத்துகாஜா பழுது

மன்னியுங்கள் அக்கா, என்னால் வந்த வினை. தொடரவா என்று கேட்டு விண்டோஸ் உங்கள் பேரை அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் எழுதப் பார்க்கிறது. நான் படிக்க மட்டும் என்று டிக் போடச் சொன்னதால் எழுத முடியாமல் நிற்கிறது. உங்களிடம் இருப்பது காபிதான், மூலம் நாஸில் பத்திரம். டிட்டாச் செய்துவிட்டு, டிக் இல்லாமல் மறுபடி அட்டாச் செய்து, தொடர் அழுத்துங்கள். திறக்கும்.

பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் இருக்கிறதா? யூனிகோடுக்கு முந்தியது என்றால் புதுக் கம்ப்யூட்டரில் வெறும் ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரியும். பயப்பட வேண்டாம். ஜி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் அந்த எழுத்துருக் கோப்புகளை மட்டும் காபி செய்து நிறுவிக்கொள்ளுங்கள்.

கிராணி மகள் (சுங்கை சிப்புட்)

திறந்துவிட்டது.

முதலில் கைக்கு வந்தது மூன்றாவது புத்தகம், 41-ஆம் பக்கம். மேலே அப்பாவின் சாய்ந்த எழுத்தில் மாதமும் தண்டல் (மேற்பார்வையாளர்) பேரும். கீழே வரிசையாகப் பேர்கள், பதினேழாவது வரியில் என் பெரியம்மா. அந்த மாதம் 22 நாள் வேலை செய்திருக்கிறார். நாலு நாள் கோடு இல்லை, ஓரத்தில் 'பிள்ளைப்பேறு' என்று அப்பா குட்டியாக எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைதான் எனக்கு நாஸ் வைத்துக் கொடுத்தவனின் மாமன். ஸ்கேன் செய்த அன்று அந்தச் சொல்லை நான் கவனிக்கவே இல்லை.

எழுத்துருவும் வந்துவிட்டது. கோயில் பத்திரிகைகள் எல்லாம் மறுபடி தமிழில் தெரிகின்றன. மொத்தம் 2,306 ஸ்கேன், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு இருக்கிறேன். வெளி டிஸ்க்கில் இருக்கும் காபியை இந்த வாரமே தைப்பிங்கில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் வைக்கப்போகிறேன். ஒரே கூரைக்குக் கீழே இரண்டையும் வைக்க இனிமேல் மனசு வராது.

கிள்ளான் தம்பி, பத்துகாஜா தம்பி, இரண்டு பேரும் இந்தப் பக்கம் வந்தால் கடைக்குக் கட்டாயம் வரவேண்டும். பெரியம்மா பேர் இருக்கிற பக்கத்தைக் காட்டுகிறேன்.

ஞாயிறு இமேஜுக்குப் பிறகு திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் ஸ்கேன் செய்த 14 படங்கள் மட்டும் இல்லை. எல்லாம் ஒரே பாட்டி கொடுத்தவை. படங்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவரிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு வருவார், அங்கே பார்த்துக் கேட்கிறேன்.