கிளாமத் ஆறு, வார்ட்ஸ் கேன்யன்: மரங்களுக்கு நடுவே வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வடக்குக் கலிஃபோர்னியாவில், பழைய காப்கோ 2 அணைக்குக் கீழே உள்ள வார்ட்ஸ் கேன்யனில் நால்வர் கயாக்கில் இறங்கத் திட்டம். பாதை இன்னும் முடிவாகவில்லை.

எங்களுக்குப் பயம் பாறையில் இல்லை, மரத்தில். 1925 முதல் தண்ணீரைச் சுரங்கம் வழியாக மின்நிலையத்துக்குத் திருப்பிவிட்டதால் இந்தப் படுகையில் பெயருக்குத்தான் நீர் ஓடியது. ஆல்டர், வில்லோ மரங்கள் ஆற்றின் நடுவிலேயே வேர்விட்டன. 2023-இல் இந்த அணையும் 2024-இல் இதே ஆற்றின் வேறு மூன்று அணைகளும் அகற்றப்பட்டபின் முழு ஆறும் இங்கேதான் பாய்கிறது. வளைந்த கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும். ஆளும் படகும் சல்லடையில் சிக்கியதுபோல் அழுந்தி நிற்கும். அப்படி மாட்டினால் வீசுகயிறு எட்டுவதற்குள் தலை நீருக்குள் போய்விடும்.

பார்த்தவை: பழைய வழிகாட்டிகளில் இந்தப் பகுதி படகுப் பாதையாகவே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் இலை மூடிக் கிடக்கிறது. கரையிலிருந்து பார்த்தால் பசால்ட் பாறைச் சுவர் மறைக்கிறது, இரண்டு வளைவுக்கு மேல் தெரியவில்லை.

நாள்: செப்டம்பர் இரண்டாவது வாரம். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கீனோ நீரோட்ட அளவுமானியில் வினாடிக்கு 900 கன அடி எதிர்பார்க்கிறோம். எட்டரை அடி பிளாஸ்டிக் கயாக் நான்கு, ஆளுக்கொரு வீசுகயிறு, மடக்கு ரம்பம் இரண்டு. எல்லோரும் நான்காம் தர (கடினமான, வேகமான) ஓட்டத்தில் பழகியவர்கள்.

இந்த அளவு நீரில் மரம் குறுக்கே அடைத்திருக்கும் இடங்களுக்கு முன்னால், எந்தக் கரையில் ஏறிப் படகைத் தூக்கிக்கொண்டு கடக்கலாம்?