ஆணி மட்டும் மிச்சமிருந்த சுவர்

போன மாசியில் கானாடுகாத்தானில் உறவுக்காரர் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், ஒரு சின்னக் கச்சேரி. சென்னையிலிருந்து வந்த நான்கு பிள்ளைகள்: இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, தரையில் ஊன்றி வாசிக்கிற கனத்த குரல் செல்லோ ஒன்று. மைக் கிடையாது. சத்தம் இடைஞ்சல் என்று காற்றாடியையும் நிறுத்திவிட்டார்கள். ஆத்தங்குடிக் கல்லில் ஜமுக்காளம் விரித்து நாங்கள் உட்கார, என் அப்பத்தாவுக்கு மட்டும் தேக்குத் தூணோரம் ஒரு நாற்காலி.

ரஷ்யாக்காரர் முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்கு எழுதியதை நால்வருக்கும் பிரித்து வாசித்தார்கள். அவருடைய நண்பர் ஹார்ட்மன் முந்தின வருடம்தான், 39 வயதில், இறந்துபோயிருந்தார். அவர் வரைந்ததையெல்லாம் திரட்டி பீட்டர்ஸ்பர்கில் கண்காட்சி வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது இது. பத்துப் படத்துக்குப் பத்து இசை. ஒரு படத்தை விட்டு அடுத்த படத்துக்கு நடந்து போவதற்குக்கூடத் தனியாக ஒன்று வைத்திருக்கிறார்! அதில் எண்ணிக்கை ஐந்தும் ஆறுமாக மாறி மாறி வரும். பக்கத்திலிருந்த மிருதங்க வாத்தியார் தொடையில் போட்டுப் பார்த்து, இரண்டாம் தடவையில் பிடித்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

படங்களின் பெயரைக் கடைசியில்தான் சொன்னார்கள். நடுவில் செல்லோ கனமாக, இழுத்து இழுத்து வந்தது. தரைக்கல் வழியாக என் உள்ளங்கால் வரை அதிர்ந்தது. அப்பத்தா குனிந்து என் காதில், "பார வண்டிய்யா. அச்சுக்கு மை போடலை" என்றார். அது மாட்டு வண்டிப் படமேதான். எனக்குச் சிலிர்த்துப் போனது.

இந்த மாதிரி இசைக்கு சபாவைவிட வளவுதான் இடம் என்பேன். காரைக்குடி வீணைச் சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாசித்த ஊர்ப்பக்கம் இது. வீணையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய வாத்தியம்தானே.

அப்புறம் அந்தச் செல்லோப் பெண் சொன்ன ஒன்று என்னை விடவே இல்லை. ஹார்ட்மன் படங்களில் பெரும்பாலானவை தொலைந்துவிட்டனவாம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பங்கு பிரித்தபோது ரவிவர்மா அச்சுப் படங்கள், தஞ்சாவூர்ப் படங்கள் எல்லாமே பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. சுவரில் ஆணிகளும், படம் மாட்டியிருந்த இடத்தில் வெளிறாத சதுரங்களும்தான் மிச்சம். இருபது வருடமாக அதைக் கடந்துதான் போய்வருகிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பத்தாவைக் கைபிடித்து நடத்தினேன். ஒவ்வோர் ஆணியாக நின்றார். இங்கே தாமரையில் நிற்கிற லட்சுமி, கண்ணாடி ஓரத்தில் ஒரு கீறல். இங்கே ரங்கூனில் எடுத்த ஐயாவின் போட்டோ. இங்கே ஆலிலைக் கிருஷ்ணன். 17 ஆணியில் 14-ஐச் சொல்லிவிட்டார். மீதி மூன்றுக்கு வெகுநேரம் நின்றார். கச்சேரியை நான் செல்போனில் பதிந்து வைத்திருந்தது அவருக்குத் தெரியும்.

"அந்த நடந்து போறத இன்னொரு தரம் போடு" என்றார்.