மறு: நீதிமானாக்குதலா, நீதிமான்தீர்ப்பா? (ரோமர் 8:30 சொற்கள்)

எல்லோருக்கும் தோத்திரம்.

மூன்று நாளாக இந்த இழையில் மடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வேலை முடிந்து எம்ஆர்டியில் வீடு திரும்பும்போதுதான் எல்லாவற்றையும் படித்து முடித்தேன், அதனால்தான் இந்தத் தாமதம். தேவன் முன்குறித்தார், அழைத்தார், நீதிமானாக்கினார், மகிமைப்படுத்தினார் என்று ரோமர் 8:30இல் வரும் நான்கு சொற்களை நாம் அச்சிடப்போகும் பட்டியலில் எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி. அவற்றில் மூன்றைப் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. 'நீதிமானாக்குதல்' என்பதை மட்டும் நம் சொற்பட்டியலில் அப்படியே போட்டுவிடக் கூடாது என்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் இங்கே சிங்கப்பூரில், பிடோக்கில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வேதபாடம் நடந்தது. ரோமர் எட்டாம் அதிகாரம். அறுபதைத் தாண்டிய ஒரு அக்கா, படுத்த படுக்கையாக இருக்கும் கணவரைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர், கைப்பேசியில் வசனத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, சோறு ஆக்குற மாதிரிதானே இதுவும்? நாப்பது வருஷமா நானும் அடுப்புலதான் இருக்கேன், இன்னும் வேகலையே. நேத்துகூட அவர்கிட்ட எரிஞ்சு விழுந்தேன்." யாரும் சிரிக்கவில்லை, அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த அக்கா தமிழைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. 'ஆக்கு' என்றால் நமக்கு அதுதான் பொருள். சோறு ஆக்குகிறோம், பிள்ளையை ஆளாக்குகிறோம், படிக்க வைத்து டாக்டராக்குகிறோம். எல்லாமே உள்ளதை மாற்றி வேறொன்றாகச் செய்வது, பெரும்பாலும் நாள் பிடிப்பது. போதாக்குறைக்கு 'பரிசுத்தமாக்குதல்' என்ற சொல்லிலும் அதே 'ஆக்கு' இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்து வரும்போது கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படும். பரிசுத்தமாக்குதலுக்கு அந்த வினை கச்சிதமாகப் பொருந்துகிறது, அது உண்மையிலேயே நமக்குள் நடக்கும் வேலை, அதற்கே அதை விட்டுவிடலாம்.

ரோமருக்கு இந்தக் கடிதத்தை எழுதிய பவுல், 'நீதிமானாக்கு' என்ற இடத்தில் எழுதிய கிரேக்க வினை டிகையோஓ. அதை அவர் எடுத்தது நீதிமன்றத்திலிருந்து. இதற்கு வெளியே போய் ஆதாரம் தேட வேண்டாம், 1871இல் அச்சான நம் பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பே காட்டிக்கொடுக்கிறது. லூக்கா 7:29ஐத் திறந்து பாருங்கள். அங்கும் இதே வினைதான், செய்கிறவர்கள் ஜனங்கள், செய்யப்படுகிறவர் தேவன். 'தேவனை நீதிமானாக்கினார்கள்' என்றா மொழிபெயர்ப்பது? முடியாதே. 'தேவன் நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்' என்று எழுதினார்கள். அதே ஆட்கள் ரோமரில் ஏன் 'ஆக்கு' என்று போனார்கள் என்றால், பைபிள் தமிழில் அந்த 'ஆக்கு' தீர்ப்பையும் குறித்தது, இன்றைக்கு நம் காதில்தான் அது விழவில்லை. நீதிமொழிகள் 17:15 சொல்வதைப் பாருங்கள், 'துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனும்' கர்த்தருக்கு அருவருப்பானவர்கள். துன்மார்க்கனைத் திருத்தி நல்லவனாக்கினால் அதில் என்ன அருவருப்பு? தப்பான தீர்ப்புச் சொல்லும் நீதிபதியைப் பற்றித்தான் அந்த வசனம். அப்புறம் ரோமர் 4:5இல் தேவனைப் 'பக்தியற்றவனை நீதிமானாக்குகிறவர்' என்று பவுல் எழுதும்போது, நீதிமொழிகள் தெரிந்த யூத வாசகருக்கு அது தூக்கிவாரிப் போட்டிருக்கும். சுவிசேஷத்தின் மொத்த அதிர்ச்சியும் அந்த ஒரு வரியில் இருக்கிறது, 'ஆக்கு' என்ற சொல்லைச் சமையலாகக் கேட்டால் அது நம்மை வந்து சேராது.

இந்த இழையில் கிரேக்கம் படிக்கும் தம்பி, டிகையோஓ போன்ற வினைகள் பொதுவாக 'அப்படி ஆக்கு' என்றுதான் பொருள்படும் என்று எழுதியிருந்தார். சரிதான். ஆனால் அதே வாய்ப்பாட்டில் அமைந்த அக்சியோஓ என்பதற்குத் தகுதியுள்ளவர் என்று மதித்தல் என்பதே பொருள். மனிதரின் தகுதியையும் நியாயத்தையும் குறிக்கும் சொற்களில் இப்படி வரும். மாறாக, லத்தீனில் யுஸ்டிஃபிகாரே என்று பெயர்த்தபோது அந்தச் சொல்லின் உள்ளேயே 'ஆக்கு' என்னும் வினை உட்கார்ந்துகொண்டது, மேற்கில் பல நூற்றாண்டு விவாதத்துக்கு அதுவும் ஒரு காரணம். தமிழிலும் அதே கதை வேண்டாமே.

நான் பல வருடம் இங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். சிங்கப்பூரில் ஒருவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அரசுத் தரப்பு இப்போதைக்கு வழக்கை நடத்தவில்லை, ஆனால் அதே குற்றச்சாட்டைப் பிறகு மறுபடியும் கொண்டுவரலாம். இன்னொன்று குற்றமற்றவர் என்று தீர்த்ததற்குச் சமம், அந்தக் குற்றச்சாட்டு திரும்ப வராது. ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளித் தம்பிக்கு முதல் வகை கிடைத்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் முகம் மலர்ந்தது, அடுத்த நொடியே, "அண்ணே, கேஸ் முடிஞ்சுதா, இல்ல திரும்பக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டார். 'கூப்பிடலாம்' என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் எப்படி மாறியது என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த அக்கா நாற்பது வருடமாக வாழ்வது இந்த முதல் வகை விடுதலையில்தான். பவுல் சொல்வது இரண்டாவது வகை, அதற்கும் மேலே. 'குற்றஞ்சாட்டுகிறவன் யார்?' என்று ரோமர் 8:33இல் கேட்கிறார், அடுத்த வசனத்தில் 'ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறவன் யார்?', அதாவது தண்டனைத் தீர்ப்புச் சொல்கிறவன் யார் என்கிறார். வாதி, நீதிபதி, தீர்ப்பு எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

மேலே என்று ஏன் சொன்னேன் என்றால், குற்றம் நீங்கியதோடு அது நிற்பதில்லை. ரோமர் நான்காம் அதிகாரத்தில் ஆபிரகாமின் விசுவாசம் 'நீதியாக எண்ணப்பட்டது' என்று வருகிறதே, அந்த 'எண்ணு' என்பதற்கான கிரேக்க வினை கணக்கு வழக்கில் புழங்கிய சொல், அந்த ஒரே அதிகாரத்தில் 11 முறை வருகிறது. கடனைத் தள்ளுபடி செய்ததோடு விடாமல் கணக்கில் வரவும் வைக்கிறார். அதனால்தான் 'குற்றந்தீர்த்தல்' என்று இந்த இழையில் ஒரு ஐயா முன்வைத்த சொல்லை விட எனக்கு மனமே இல்லை என்றாலும் விட வேண்டியிருக்கிறது. எவ்வளவு அழகான சொல், 'தீர்' என்பதில் நீக்குவதும் தீர்ப்பதும் இரண்டும் இருக்கின்றன! ஆனால் பாதிதான் சொல்கிறது. 'நீதித்தீர்ப்பு' என்றால் எந்த வழக்கின் தீர்ப்பும் அதில் அடங்கும். 'நீதிசாற்றல்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் யாரை என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

என் பரிந்துரை: வினையாக 'நீதிமானெனத் தீர்த்தல்', பெயராக 'நீதிமான்தீர்ப்பு'. இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. உபாகமம் 25:1இல் நியாயாதிபதிகள் 'நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும்' தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது, அங்கிருந்து எடுத்ததுதான். ரோமர் 8:34இன் 'தீர்க்கிறவன்' என்பதோடும் நேர் எதிராக நிற்கும். 'நீதிமானெனத் தீர்க்கப்பட்டவர்கள்' என்று செயப்பாட்டிலும் சிக்கலில்லாமல் வருகிறது. பழைய புணர்ச்சி விதியைப் பிடித்துக்கொண்டு 'நீதிமான்றீர்ப்பு' என்று எழுத வேண்டாம், ஒருவருக்கும் புரியாது. நீதிமான் ஆண்பாலாயிற்றே என்று ஒரு தங்கை கேட்டிருந்தார், நியாயமான கேள்வி. 'நீதிமான்கள்' என்று பன்மையில் இருபாலாருக்கும் புழங்கிவிட்டதால் இப்போதைக்கு விடலாம் என்று நினைக்கிறேன், அவருக்கு வேறு சொல் இருந்தால் கேட்கத் தயார்.

நம் கத்தோலிக்க நண்பர் 1995இல் வந்த திருவிவிலியம் என்னும் தமிழ் பைபிளில் இதே இடத்தில் வரும் 'ஏற்புடையோராக்கி' என்பதை எடுத்துக்காட்டினார். நல்ல தமிழ், அந்நியமாக ஒலிக்கவில்லை. 1547இல் திரெந்து என்ற கத்தோலிக்கப் பேரவை (சங்கம்) சொன்னபடி, உள்ளான மனிதன் புதுப்பிக்கப்படுவதும் நீதிமானாக்குதலில் அடங்கும் என்பது அவர்கள் போதனை, அப்படிப் பார்த்தால் 'ஆக்கி' அவர்களுக்குச் சரியான சொல்லே. அதை நாம் திருத்தப் போக வேண்டியதில்லை. லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999இல் இதே போதனை பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன, 2006இல் மெத்தடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். ஆகவே பட்டியலில் இரண்டு பதிவு போடுவோம், எந்த மரபில் எந்தச் சொல் என்று பக்கத்தில் குறித்துவிட்டால் போதும்.

மற்ற மூன்றும் சீக்கிரம். 'முன்குறித்தல்' அருமையான சொல், தயவுசெய்து அதை 'முன்விதி' என்று மாற்றாதீர்கள், உடனே தலையெழுத்து, ஊழ் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோமே, அதில் ஒரு நோக்கமும் சந்தோஷமும் இருக்கிறது. ரோமர் 8:29இலும் 'குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பதற்கு' என்று நோக்கத்தோடுதான் முன்குறிக்கிறார். 'அழைத்தல்' இருக்கட்டும், ஆனால் மத்தேயு 22:14இன் 'அழைக்கப்பட்டவர்கள் அநேகர்' வேறு, இது வேறு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அங்கே அழைக்கப்பட்டும் வராதவர்கள் உண்டு, இந்த அழைப்போ இறந்துபோன லாசருவை இயேசு 'லாசருவே, வெளியே வா' என்று கூப்பிட்டு எழுப்பியது போன்றது. 'மகிமைப்படுத்துதல்' என்றால் நாம் பாட்டுப் பாடித் தேவனைத் துதிப்பதையும் அப்படித்தான் சொல்கிறோம், அதனால் பட்டியலுக்கு 'மகிமையடைவித்தல்' என்று வைக்கலாமா?

அந்த அக்காவின் வீட்டுக்குச் சனிக்கிழமை போயிருந்தேன். கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, 'நீதிமானெனத் தீர்த்தார்' என்று நான் எழுதிக் கொடுத்த தாளை வாங்கி இரண்டு முறை சத்தமாக வாசித்தார். பிறகு, "தீர்த்தாச்சா? அப்ப திரும்பக் கூப்பிட மாட்டாங்கதானே?" என்று கேட்டார். நான் அவரிடம் நீதிமன்றக் கதையைச் சொன்னதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் மறுப்புகளை எழுதுங்கள், திங்கள் காலை பட்டியலை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.