அம்மாவின் லேகியமும் 100 மில்லியும்: விமான நிலையச் சோதனையில் பறிபோனவை, தப்பியவை

சிங்கை மகள்:

வணக்கம். விமான நிலையச் சோதனையில் உங்களிடமிருந்து எதை எடுத்து வைத்தார்கள், எதை விட்டார்கள் என்று எழுதுங்கள். முதன்முறை விமானம் ஏறும் அப்பா அம்மாக்களுக்கு உதவும். என் அம்மாவின் கதையை முதலில் சொல்கிறேன்.

2023இல் என் பிரசவத்துக்காக அம்மா சிங்கப்பூர் வந்தார். அதற்கு முன் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாளும் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு லேகியம் செய்திருக்கிறார். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருந்ததாம். பெரிய பெட்டியில் போட்டால் தூக்கி எறிவார்கள், உடைந்துவிடும் என்று பயந்து, சேலையில் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

எக்ஸ்ரேயில் பை போனதும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். சோதனை செய்தவருக்குத் தமிழ் தெரியவில்லை, அம்மாவுக்கு இந்தி தெரியாது. பாட்டிலைக் காட்டி அவர் ஏதோ சொல்ல, 'மருந்துங்க ஐயா, பிள்ளை பெத்தவளுக்கு' என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஒரு தம்பிதான் விளக்கியிருக்கிறார்: லேகியமும் திரவக் கணக்கில்தான் வருமாம். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லி பாட்டிலுக்கு மேல் கூடாது. திரும்பிப் போய்ப் பெரிய பெட்டியில் போடலாம் என்றால், பெட்டி எப்போதோ உள்ளே போய்விட்டது. பாஸ்போர்ட்டில் முத்திரையும் குத்தியாகிவிட்டது. வாங்கிக்கொள்ள என் தம்பி வெளியே வாசலில் நிற்கிறான், அவனால் உள்ளே வர முடியாது. பாட்டில் குப்பைத் தொட்டிக்குப் போனது.

சாங்கி விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அம்மா அழுதார். பேரக்குழந்தையைப் பார்க்க வந்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். அந்த அழுகை லேகியத்துக்கு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

விதி தவறு என்று நான் சொல்லவில்லை. 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் விமானங்களைக் குளிர்பான பாட்டில்களில் கொண்டுபோகும் திரவ வெடிபொருளால் தகர்க்கத் திட்டமிட்டவர்களைப் பிடித்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் இந்த 100 மில்லி. எனக்கு ஆதங்கம் எல்லாம், டிக்கெட் எடுத்துக் கொடுத்த நான் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேனே என்பதுதான். ஊறுகாய், நெய், எண்ணெய், தயிர், சட்னி, தொக்கு எல்லாமே இதே கணக்குதான். இன்னொன்று, பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி எண்ணெய் பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

சென்னைத் தம்பி:

அக்கா, படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு நடந்தது நேர்மாறு. கைப்பையில் இருக்க வேண்டியதைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

பெட்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். கீழே ஓர் அறைக்கு அழைத்துப்போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். துணிக்கு நடுவில் பவர் பேங்க். அதை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை அனுப்பினார்கள். ஓடிப்போய் ஏறியபோது கதவு மூட ஐந்து நிமிடம்தான் இருந்தது.

ஏன் இப்படி என்று அப்புறம் தேடிப் படித்தேன். லித்தியம் பேட்டரி சூடேறிப் பற்றிக்கொண்டால், இருக்கைப் பகுதியில் இருந்தால் பணிப்பெண்கள் உடனே பார்த்து அணைக்கலாம். சரக்கு அறையில் பற்றினால் பக்கத்தில் யாரும் இல்லை. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில், கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. தலைக்கு மேல் பை வைக்கும் இடத்தில் ஆரம்பித்த தீ. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். எல்லோரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள், ஆனால் படங்களில் கூரையே இல்லை. அதற்குப் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. கையில் கொண்டுபோகலாம், சார்ஜ் போடக் கூடாது.

பவர் பேங்க் சேமித்து வைக்கும் மின்சாரத்தின் அளவு 100 வாட்-மணி வரை இருக்கலாம். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணிதான், பயமில்லை. எழுத்து அழிந்துபோன பழையதை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அளவு தெரியாவிட்டால் எடுத்து வைத்துவிடுவார்கள்.

மாலை போட்டவன்:

சாமி சரணம். இருமுடி பற்றி யாராவது கேட்பீர்கள் என்று நானே எழுதுகிறேன்.

தேங்காயைக் கைப்பையில் விடமாட்டார்கள். கொப்பரையைப் பெட்டியிலும் போடக் கூடாது. எண்ணெய்ச் சத்து இருப்பதால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானச் சரக்கு விதிகளில் வைத்திருக்கிறார்கள். முன்பு கொச்சி வழியாகச் சபரிமலைக்குப் போகும் சாமிகள் இருமுடியைப் பெட்டிகளோடு போட வேண்டியிருந்தது. விரதம் இருந்து, குருசாமி கையால் நெய்த்தேங்காய் நிறைத்துக் கட்டித் தலையில் ஏற்றியதை, பெல்ட்டில் மற்ற பெட்டிகளுக்கு நடுவே உருள விடுவது எங்களுக்கு எவ்வளவு வேதனை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2022 சீசனில் இருமுடியைக் கையில் கொண்டுபோக விமானப் பாதுகாப்புத் துறை அனுமதி கொடுத்தது. 2024இலும் மத்திய அமைச்சரே அறிவித்தார், 2025 ஜனவரி 20 வரை. அந்த டிசம்பரில்தான் நான் போனேன். இருமுடியை எக்ஸ்ரேயில் விட்டு, வெளிப்புறத்தை ஒரு பட்டையால் துடைத்து வெடிபொருள் சோதனை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். சோதித்த அம்மா கட்டைப் பிரிக்கச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் எடுத்து என் தலையில் வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இது அந்தந்த சீசனுக்குக் கொடுக்கும் அனுமதி. கிளம்பும் முன் அந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சாமி.

சர்க்கரைக்காரர் மனைவி:

சுருக்கமாக ஒன்று. இன்சுலினைப் பெட்டியில் போடாதீர்கள், சரக்கு அறைக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் 100 மில்லிக் கணக்கு இல்லை, பயணத்துக்குத் தேவையான அளவு வைத்துக்கொள்ளலாம். மருத்துவரின் சீட்டு கையில் இருக்கட்டும். டிரேயில் பையை வைக்கும்போதே 'இன்சுலின்' என்று சொல்லிவிடுங்கள். ஐந்து வருடமாக இப்படித்தான் அழைத்துப் போகிறேன், ஒருமுறைகூட நிறுத்தவில்லை.

சிங்கை மகள்:

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். இருமுடி கதையை இரண்டு முறை படிக்கச் சொன்னார். தையில் மறுபடியும் வருகிறார். இந்த முறை எவர்சில்வர் தூக்கில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பெரிய பெட்டியின் நடுவில் போர்வைக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கைப்பைக்கு முறுக்கும் அதிரசமும் மட்டும்.